வீட்டுக்காரர் பேர்

பாஞ்சாலை இரண்டு கைகளையும் சேர்த்துத் தாலாட்டிக் காட்டினாள். பிறகு கும்பிட்டாள்.

"குழந்தைசாமியா?" என்றார் பி.எஃப். ஆபீசர்.

அவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். அவர் டிக் போட்டார்.

சங்கத்தின் கிளைச் செயலாளர் பக்கிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்புப் பாத்திகள் கண்ணைக் குத்துகின்றன. வரிசையில் இன்னும் பாதிப் பேர் நிற்கிறார்கள். ஒருத்திக்கும் புருஷன் பேர் வாயில் வரவில்லை. ஆபீசர் உட்கார்ந்து விடுகதை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் சுனாமியால் வந்த வினை. கம்பெனி ஆபீசுக்குள் தண்ணீர் புகுந்து காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. மீந்தது ஒரு பேர்ப் பட்டியல். ஆளை நேரில் பார்த்து, பேரையும் புருஷன் பேரையும் அவரவரிடமே கேட்டுத்தான் புதிதாக எழுதுவார்களாம். பொருந்தாத பேரை அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால் பிடித்த பணமும் போச்சு, பென்ஷனும் போச்சு.

போன மாதம்தான் சென்னையிலிருந்து சங்கத் தலைவர் வந்திருந்தார். தொழிலாளியின் பென்ஷன் பணத்தை ஷேர் மார்க்கெட்டுக்கு விடமாட்டோம், அடுத்த தலைமுறை வரைக்கும் பாதுகாப்போம் என்று தொண்டை கட்டப் பேசினார். இளநீர் குடித்தார். காரேறிப் போனார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கிரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பணம் எந்த மார்க்கெட்டுக்குப் போனால் என்ன? பட்டியலில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்களே.

இங்கே வழக்கம் அப்படி. ஒருத்தி செத்தால், அவள் இடத்துக்கு வருகிறவள் அவள் பேரிலேயே உப்பளத்தில் இறங்குவாள். புதுப் பேர் எழுத முதலாளிக்குக் கை வலிக்கும்.

பக்கிரியின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளும் அப்படி இறங்கியவள்தான். கலியபெருமாளின் பெண்டாட்டி பாப்பாத்தி காமாலையில் செத்தாள். மறுவாரமே கொளஞ்சி அவள் பேரில் வேலைக்குப் போனாள். பதினோரு வருஷமாக உப்பு வாரியது கொளஞ்சி. பி.எஃப். பிடித்தது பாப்பாத்திக்கு.

வயதைப் பற்றிப் பயமில்லை. உப்பளத்துப் பெண்ணின் வயதை முகம் பார்த்துச் சொல்ல எந்த ஆபீசராலும் ஆகாது. பேர்தான் விஷயம். ஒரு வாரமாக அவளை உருப்போட வைக்கப் பார்த்தான்.

"உம்பேரு பாப்பாத்தி. புருசன் கலியபெருமாள். எங்க, சொல்லு."

"எனக்குத் தெரியாதா, உடு" என்று ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கலியபெருமாளிடமும் சொல்லி வைத்திருந்தான், வரிசைப் பக்கம் தலைகாட்டாதே என்று. அளத்துக்குத் தண்ணீர் கட்டுகிற ஆள் அவன். பாப்பாத்திக்குப் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "சரிப்பா" என்று போய், மடையில் மண்வெட்டியோடு குனிந்துகொண்டான்.

"பாப்பாத்தி" என்று கூப்பிட்டார் ஆபீசர்.

கொளஞ்சி முன்னால் போனாள்.

"வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா."

மற்றவளுகள் தயங்கினால் ஒரு நியாயம் இருக்கிறது என்று பக்கிரி நினைத்தான். இவளுக்கு என்ன? எவனோ ஒருவன் பேர். சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே.

அவள் சொல்லவில்லை.

ஆபீசர் திரும்பக் கேட்டார். அவள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஜாடைகூடக் காட்டவில்லை.

"எம்மா பாப்பாத்தி, சாரு கேக்குறாருல்ல. சொல்லித் தொலையேன்" என்றான் பக்கிரி, பல்லைக் கடித்துக்கொண்டு. பதினோரு வருஷத்துப் பணம் அந்த முந்தானைக்குள் கிடந்தது.

"நீங்க சும்மா இருங்க." ஆபீசர் சிரித்தார். "மத்தவங்களாவது விடுகதை போட்டாங்க. இந்தம்மா அதுக்கும் வெக்கப்படுது." பட்டியலைப் பார்த்து அவரே படித்தார். "கலியபெருமாள். சரிதானே?"

மடைப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

கொளஞ்சி இன்னும் குனிந்தாள். மெதுவாகத் தலையாட்டினாள்.

"இதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்" என்று டிக் போட்டார் ஆபீசர்.

வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பென்ஷன் தப்பியது. பக்கிரி மூச்சு விட்டான். சனியன், நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தான்.

"வாயால சொல்லாததால ஒரு சாட்சி போட்டுடலாம்மா" என்றார் ஆபீசர். பேனாவால் பக்கிரியைக் காட்டினார். "இந்தச் சங்கத்துக்காரரைத் தெரியுமா? பேரு இன்னா?"

"பக்கிரி" என்றாள்.

யோசிக்கவில்லை. கை முந்தானைக்குப் போகவில்லை. நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

ஆபீசர் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார். மேற்படி பாப்பாத்தி கலியபெருமாளின் மனைவி என்பதை நான் நன்கு அறிவேன் என்று அச்சடித்தும் எழுதியும் இருந்தது. பக்கிரி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.