பன்னெண்டு ஜிபி

"எட்டு ஜிபி கார்டே தாராளம் தம்பி. நீங்க என்ன கேமு ஆடுதீய?"

கடைக்காரர் குத்தாலிங்கம் கேட்டது மகாராஜாவை. கிராபிக்ஸ் கார்டு என்றால் ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் என்று அவர் மண்டையில் யார் எழுதி ஒட்டினார்களோ.

"நான்தான் ஆடுதேன் அண்ணாச்சி," என்றாள் அனுசியா. "துப்பாக்கிச் சண்டை. எட்டை உள்ள வச்சிட்டு பன்னெண்டு ஜிபி எடுங்க. மூணு ஃபேன் உள்ளது."

அண்ணன் மகாராஜா ஏடிஎம் கார்டைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே விழும் சாரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போலீசில் செலக்‌ஷன் ஆகிவிட்டான். வெரிபிகேஷன் மட்டும்தான் பாக்கி. அவன் பேரில் ஒரு புகார் ஏறினால் காக்கிச்சட்டை கனவோடு சரி.

அதனால்தான் அம்மா அனுசியாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "நீ கேக்குற கம்ப்யூட்டர் பொட்டிய அவன் வாங்கித் தருவான். ஸ்டேஷன் பக்கம் மட்டும் போயிராதட்டி."

பழைய பெட்டியை வெட்டியது அவன்தான்.

அன்றைக்கு மேலகரத்து வீட்டில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். ஹெட்செட் வயர் கழன்று கிடந்தது தெரியவில்லை. கூட ஆடிய பையனின் குரல் ஸ்பீக்கர் வழியாக வீடு முழுக்கக் கேட்டது.

"ஏட்டி அனு, பின்னால ஆளு வாரான், திரும்பு!"

திரையில் திரும்பிச் சுட்டாள். வந்தவன் செத்தான்.

அறைக்குள் வந்தவன் மகாராஜா. கையில் வெட்டருவாள்.

கேபினெட் பிளந்து, கார்டின் ஃபேன் இறக்கை சுவரில் தெறித்தது. அண்ணன் கோவத்தில் பெட்டியை வெட்டிவிட்டான் என்று அதோடு கதையை முடித்துக்கொண்டது வீடு.

"இந்த கார்டுக்கு உங்க பவர் சப்ளை தாங்காதேம்மா," என்றார் குத்தாலிங்கம்.

"அதையும் மாத்துங்க. கேபினெட்டும் புதுசு. கண்ணாடி வச்சது வேண்டாம். தகடு கெட்டியா உள்ளது, அருவா இறங்காதது."

குத்தாலிங்கம் நல்ல தமாஷ் என்று சிரித்தார்.

மகாராஜாவின் தாடை இறுகியது. மானிட்டரைத் தூக்கி அடித்தால் அந்தத் தாடை எத்தனை துண்டாகும் என்று அனுசியா அளந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வா, ஒன்னைய..." பல்லுக்குள் முனகினான்.

"சத்தமாச் சொல்லுங்க, போலீஸ்காரரே."

அவன் கார்டு மெஷினில் நம்பரை அழுத்தினான். பணம் போனது. பில் வந்தது.

அதுவரைக்கும்தான் காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, இடது கைக்கு ஏத்த மவுஸ் இருக்கா?"

"இடது கைக்கா? எதுக்கும்மா?"

துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டில் தொடங்கிய கட்டு, விரல்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

"தேங்கா வெட்டையில பட்டுட்டு," என்று மகாராஜா முந்தினான்.

"கழுத்துக்குத்தான் ஓங்கினான் அண்ணாச்சி. நான் கையைக் குடுத்துத் தடுத்தேன்."

கதவைத் தோளால் தள்ளினாள்.

"எல்லாத்தையும் கட்டி வைங்க. ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."