வேண்டும் என்ற வீடு

போர் வேண்டுமா என்று இனி மக்களைத்தான் கேட்க வேண்டும், வேண்டும் என்று வாக்களிக்கும் வீடு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. இனிப் போரே வராது என்று குடியாத்தத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

மரகதத்தின் மகன் இளம்பரிதி முந்தைய போரில் இறந்தவன். புதிய போருக்கு வாக்கெடுப்பு வந்தபோது, அவனைக் கொன்றவர்கள் மேலிருந்த ஆத்திரத்தில், வாக்குச்சாவடியில் அவள் ‘வேண்டும்’ பொத்தானை அழுத்திவிட்டாள்.

‘வேண்டும்’ என்பதே வென்றது. பத்தாம் நாள், ஓர் ஆளை அனுப்பச் சொல்லி ஆணை வந்தது. யார் வாக்கு என்று அதில் இல்லை, வீட்டு எண் மட்டும் இருந்தது. வயது வரம்புக்குள் இருந்தவள் மகள் எழில் ஒருத்திதான்.

“இந்த வூட்ல யாரு வேணும்னு போட்டது?” என்று எழில் கேட்டாள்.

மரகதம் வெளிறிப்போனாள். ‘வேண்டாம்’ என்று வாக்களித்திருந்த அவள் கணவர் தணிகாசலத்துக்கு அந்த முகமே போதுமாக இருந்தது.

“நான்தாம்மா” என்றார்.

“அண்ணன் போனது பத்தலையாப்பா ஒனக்கு?”



மறுநாள் பேருந்து நிலையத்தில் எழில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்காமலே ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பக் கால்மணி நேரம் ஆனது. மரகதம் ஜன்னலோரம் மகளின் கையைப் பிடித்தபடியே நின்றாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை.