வடிவு வைத்த பங்கு

அம்மா இறந்த பதினேழாம் நாள், அவளுடைய பொருள்களை மூத்தவள் வடிவு மூன்று குவியல்களாக வைத்தாள். அந்தக் குடும்பத்தில் பங்கு வைப்பவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். கடைக்குட்டி முதலில் எடுப்பான். எந்தக் குவியலும் தனக்கே மிஞ்சலாம் என்பதால் வைப்பவரின் கை தானாகவே நேர்மையாகிவிடும். வடிவு அதற்கும் ஒரு படி மேலே போனாள். ஒன்றில் தையல் மெஷின். இன்னொன்றில் பித்தளை அண்டாவும் பட்டுப்புடவையும். மூன்றாவதில் கல் வைத்த தோடு. அதன் பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்துவிட்டு எழுந்தாள்.

சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்த கடைக்குட்டி பரமு மூன்று முறை சுற்றிவந்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா, உன்னை ரேஷன் கடையில போட்டிருந்தா ஊரே உருப்பட்டிருக்கும்," என்றான் இருவருக்கும் நடுவில் பிறந்த செல்லையா. "சீக்கிரம் எடுடா, எனக்கு பஸ் இருக்கு."

குனிந்த பரமு நிமிர்ந்தான். அம்மாவைப் பதினோரு வருஷம் குளிப்பாட்டியவள் அக்கா. அவளுக்கு வேண்டியதை எடுத்துவிடக் கூடாதே என்றிருந்தது.

"உனக்கு எது வேணும்க்கா? சொல்லு, அதை விட்டுட்டு எடுக்கறேன்."

"சொல்லிட்டா அந்தக் குவியல் கனத்துப்போயிடும்டா. அப்புறம் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து வைக்கணும்."

பரமு கையைத் தையல் மெஷின் பக்கம் நீட்டி, அவள் முகத்தையே பார்த்தான். அது அசையவில்லை. தோட்டின் பக்கம் நீட்டினான். பிறகு மெல்ல அண்டாவின் பக்கம் நகர்த்தினான்.

வடிவு கண்களை இறுக மூடிக்கொண்டு, "ம், எடு," என்றாள்.