ஓட்டைவாய்க்கு ஒரு மாதிரி வாக்கியம்

"'அவளுடைய கணவன் இன்னொருத்தியோடு ஓடிப்போன செய்தியை அந்த ஓட்டைவாய் ஒரே நாளில் ஆபீஸ் முழுக்கப் பரப்பிவிட்டாள்.'"

தலைமை ஆசிரியர் அச்சுப்படியிலிருந்து இந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி துணை ஆசிரியை. வரியில் வரும் 'அவள்' அவள்தான் என்பது கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும். இன்னொருத்தி டைப்பிஸ்ட். ஆபீஸ் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

அங்கே தயாராகிக்கொண்டிருந்தது, பழங்கால ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு தமிழ் அகராதி. இந்த மாதம் பேச்சு, வம்பு, கதை சம்பந்தப்பட்ட சொற்கள். அதில் ஒன்று 'க்ளாட்டர்ஃபார்ட்'. காதில் விழுந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளுக்கு, அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்; தமிழில் ஓட்டைவாய்.

துணை ஆசிரியை பொருள் எழுதித் தருவாள். மாதிரி வாக்கியம் பிறகு வரும். அதுவரை பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்காமலிருக்க, ரேடியோ மனதில் தோன்றிய எதையாவது தட்டி வைப்பாள். வழக்கமாக 'வானம் நீலமாக இருக்கிறது' என்றுதான் தட்டுவாள். இந்த முறை மனதில் தோன்றியது வேறு. தட்டியவள் அதை மாற்ற மறந்தும்விட்டாள்.

"அச்சுல ஏறியிருந்தா நம்ம மானம் என்ன ஆகியிருக்கும்?" என்றார் தலைமை ஆசிரியர்.

"தெரியாம நடந்துபோச்சு சார். எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் சார்." ரேடியோ தேம்பித் தேம்பி அழுதாள்.

துணை ஆசிரியைக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. பல் தேய்ப்பதுபோல வேலைக்கு வந்து, வரிசையாகச் சொற்களுக்குப் பொருள் எழுதிவிட்டுப் போகிறாள். நேற்று 'யார்ன்' வந்தது. நூலுக்கும் அதே சொல், அளந்துவிடுகிற கதைக்கும் அதே சொல். 'சரடு' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் இப்படி ஒன்று கச்சிதமாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அவள் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதக் கடைசியில் வந்து, ஆபீஸ் வாசலில் காத்திருந்து அவளை அழைத்துப் போவார். இவள் சில நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு, அவரை வாசலில் காணோம். ஏன் காணோம் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோ செய்தி வாசித்தது.

அதிலிருந்து ஆபீஸே அந்த மனிதரைக் கரித்துக்கொட்டியது. "போலீஸ்ல சொல்லித் தேடுவோம்க்கா, சும்மா விடக்கூடாது" என்று ரேடியோவும் துடித்தாள்.

"வேண்டாம். அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே என்று ரேடியோவுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

"நீயே சொல்லும்மா" என்றார் தலைமை ஆசிரியர். "உன் வீட்டு விஷயத்தைத் தெருவுல இறைச்சிருக்கா. இன்னையோட கணக்கை முடிச்சு அனுப்பிடவா?"

ரேடியோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் சார். அவ மேல தப்பில்ல."

"உன் பெருந்தன்மையெல்லாம் இங்க வேண்டாம்."

"பெருந்தன்மை இல்ல சார். அவகிட்ட சொன்னதே நான்தான். நாலு பேர் காதுக்குப் போகட்டும்னுதான் சொன்னேன்."

ரேடியோவின் அழுகை சட்டென்று நின்றது. "என்னக்கா இது? யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனீங்களே!"

"வாங்கினாத்தானே நீ சொல்லுவே?"

தலைமை ஆசிரியருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. துணை ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். சுவரைப் பார்த்துப் பேசுகிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள் அவள்.

"சரி, விஷயமாவது நிஜம்தானே? அவர் ஓடிப்போனது?"

"இல்ல சார். அவர் அப்படிப்பட்டவர் இல்ல. வேற ஒருத்தியை ஏறெடுத்துக்கூடப் பார்க்கமாட்டார்."

"அக்கா!" என்றாள் ரேடியோ.

தலைமை ஆசிரியர் அச்சுப்படியை மேஜைமேல் போட்டார். "புரியலையேம்மா. தங்கமான மனுஷன்னு நீயே சொல்றே. கட்டின புருஷன்மேல எவளாவது இப்படி ஒரு அபாண்டத்தைக் கிளப்பி விடுவாளா? எதுக்காக?"

இத்தனை நாள் கல்லாக இருந்த அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"ஓடிப்போனவர்னா என்னைக்காவது திரும்பி வரலாம் சார். செத்துப்போனவர் வரமாட்டாரே."