ஜூனோவின் கால் அளவு

"இன்னும் ரெண்டு விரற்கடை விட்டு வெட்டுங்கண்ணே."

தச்சன் இஷாம் நிமிர்ந்து பார்த்தான். ஜூனோவின் பாதம் பலகைமேல் இருந்தது. குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை குச்சியை வைத்து அளந்தாயிற்று. வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

"உன் காலு இங்கயே முடிஞ்சு போச்சு புள்ள. நீ கேக்குறது பூட்ஸா, படகா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செப்டம்பர் பிறந்தால் ஜார்ஜியாவின் அந்தப் பருத்தித் தோட்டத்தில் இதுதான் வேலை. அடிமைகளில் ஆளுக்கொரு குச்சி, குச்சிமேல் பெயர். மூட்டை கட்டி வடக்கே அனுப்பினால் நவம்பரில் பூட்ஸாகத் திரும்பி வரும்.

"குளிர்ல பாதம் வீங்குதுண்ணே. துணி சுத்திப் போட இடம் வேணாமா? ஆமா, இந்தக் குச்சியெல்லாம் எங்கதான் போகுது?"

"மாசசூசெட்ஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கங்காணி டார்வர். தெரிந்ததைச் சொல்வதில் அவனுக்கு எப்போதும் ஒரு குஷி.

"அங்க யாருங்க ஐயா எங்களுக்குத் தைக்கிறது?"

"உன் மூஞ்சியைக்கூடப் பாக்காத ஒருத்தன். அது பனியும் பாறையுமா கிடக்குற ஊரு. ஒரு பருத்திச் செடி முளைக்காது. ஆனா நம்ம பருத்தி அங்க மில்லுக்குப் போய்த்தான் துணியாகுது. இங்க ஒரு ஆணி வேணும்னாலும் நாம அவனுங்க கையைத்தான் பாக்கணும்."

"எந்த வழியாப் போகும் ஐயா?"

"அகஸ்டா வரைக்கும் வண்டி. அப்புறம் ஆத்துல படகு. சவானாவுல கப்பல். ஏன், நீயும் கூடப் போறியா?"

மறுபடி சிரிப்பு. ஜூனோவும் சிரித்தாள்.

இஷாமுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அலபாமா பக்கம் காடழித்துப் புதிது புதிதாகப் பருத்தி போடுகிறார்கள். அங்கே ஆள் பஞ்சம். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வருகிற வியாபாரிக்கு ஜூனோவை விற்பதாகத் துரை பேசி முடித்துவிட்டார்; அது அவளுக்கும் தெரியும். அவள் புருஷன் பிரைமஸ், தெற்கே வேறொரு தோட்டத்து அடிமை. சனிக்கிழமை மாலை வந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவான். இனி அதுவும் கிடையாது.

டார்வர் குனிந்து குச்சியைப் பார்த்தான். ஜூனோவின் காலைப் பார்த்தான். அளவு தப்பினால் சவுக்கடி இஷாமுக்குத்தான்.

"வெட்டுடா. அவ கேட்ட அளவுக்கே வெட்டு."

ஜூனோ நகர்ந்ததும் இஷாம் மெதுவாகக் கேட்டான். "ஏன் ஐயா?"

"மடையா! அது அவ காலுக்கு இல்ல, புருஷன் காலுக்கு. அவனோட துரை மகா கஞ்சன், பூட்ஸே வாங்கித் தர மாட்டான். வியாபாரி வர்றதுக்குள்ள ரெண்டும் சேந்து ஓடப் போகுதுங்க. ஓடட்டும். கையும் களவுமாப் பிடிச்சா ரெண்டு துரைகிட்டயும் எனக்குப் பேரு. நீ வாயத் தொறந்த, முதுகுத் தோலு இருக்காது."

நவம்பரில் பூட்ஸ் வந்தது. அடுத்த ஞாயிறு விடியும்போது ஜூனோவின் குடிசை காலியாக இருந்தது.

டார்வர் துப்பாக்கியோடு வந்தான். நாய்களைப் பிடித்துக்கொள்ள இஷாமையும் இழுத்துக்கொண்டான். செம்மண் சேற்றில் பெரிய பெரிய பூட்ஸ் தடம், வடக்கே ஓடையை நோக்கி.

"நான் சொல்லல?"

இஷாம் குனிந்து பார்த்தான். "ஒருத்தர் தடம்தான் ஐயா இருக்கு. ஜூனோ தடத்தைக் காணோமே?"

டார்வர் ஒரு நிமிடம் தாடையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கான்டா! அவ வாடை தரையில படக் கூடாதாம். அவ துணியை நாய்க்குக் காட்டிப் பிரயோஜனம் இல்ல. புருஷன் துணி ஏதாவது இருக்கா பாரு."

இருந்தது. குடிசைக்குள் ஆணியில் பிரைமஸின் அழுக்குச் சட்டை தொங்கியது.

நாய்கள் மோந்தன. ஓடைப் பக்கம் ஏறிட்டும் பார்க்காமல் தெற்கே இழுத்தன.

"பாத்தியா தந்திரத்தை? தண்ணியில இறங்கி, சுத்திக்கிட்டுத் தெற்கே வந்திருக்கான். விடாதே, ஓடு!"

முள்ளும் சதுப்பும் தாண்டி, மூச்சிரைக்க ஓடினார்கள். வெயில் ஏறுவதற்குள் நாய்கள் ஒரு குடிசை வாசலில் நின்று குரைத்தன.

உள்ளே பிரைமஸ் உட்கார்ந்து சோளக்களி தின்றுகொண்டிருந்தான்.

"அட, என் சட்டை! நேத்து மறந்து வச்சிட்டு வந்துட்டேன். இதைக் கொடுக்கவா ஐயா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

"பொண்டாட்டி எங்கடா? பூட்ஸ் எங்கடா?"

"எனக்கு ஏதுங்க ஐயா பூட்ஸு?"

டார்வர் குடிசையைப் புரட்டிப் போட்டான். ஒன்றுமில்லை. பிரைமஸின் கால்களைப் பார்த்தான். வெறுங்கால். பாளம் பாளமாக வெடித்த பாதம்.

"அப்போ அந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வடக்கே போனது யாருடா?"

பிரைமஸ் இன்னொரு வாய் களியை எடுத்து நிதானமாக விழுங்கினான்.

"யாரு பேருல குச்சி வெட்டச் சொன்னீங்களோ, அவதான் ஐயா."