நான்கு மாதத் தம்பி

இப்போதெல்லாம் ஆள் சொன்னால் எவனும் நம்புவதில்லை, படிவம் சொன்னால்தான் நம்புகிறான். ஆபரேஷனுக்கு முன் தம்பி பொன்னையனைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரிக் கதவின் திரையிலிருந்த படிவத்தில் ‘உறவு: தம்பி’ என்று போட்டதும் கதவே சிவந்தது, திறக்கவில்லை. எங்கள் அடையாள அட்டைகளிலுள்ள பிறந்த தேதிகளின்படி, ஒரே தாய்க்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறக்க முடியாதாம். எங்களை ஒரே நாளில் பள்ளியில் சேர்த்த வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிகள் அவை.

“நண்பர்னு மாத்துங்க தாத்தா, திறந்துடும்,” என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

“ஒரே வயித்துல பொறந்தவம்மா. உன் கதவுக்காக அவனை சிநேகிதனாக்கணுமா?”

“எனக்குப் புரியுது. அதுக்குப் புரியலையே.”

“அப்போ அதுகிட்டயே பேசிக்கிட்டு இரு.”

பின்பக்கம் போய், மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். “டேய் பொன்னையா, அண்ணன் வந்திருக்கேன்டா.”

ஒரு கை வெளியே நீண்டு அசைந்தது.

திரும்பும்போதும் கதவு சிவப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று நடந்தேன்.