எது வேகம்?

"அந்தப் பழைய டப்பாவை அக்கா தலையில கட்டிடலாம்ப்பா. லேப்டாப்பை எனக்குக் குடுத்துடுங்க."

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஹாலில் தம்பியின் குரல்.

"அதுல வேலை ஓடுமாடா?" என்று அப்பா கேட்டார்.

"கட்டை வண்டி மாதிரி ஓடும். அவளுக்கு அது போதும்."

"சரி. நீ காலேஜ் போறவன். லேப்டாப் உனக்கே இருக்கட்டும்."

சித்தப்பா தன் அலுவலகத்தை மூடிவிட்டு, மிஞ்சிய இரண்டு கம்ப்யூட்டர்களைக் காலையில்தான் அனுப்பியிருந்தார். மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப். குண்டாக, கறுப்பாக ஒரு டெஸ்க்டாப். இரண்டுமே பழசு.

அவளுடைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டிருந்தது. பாதி முடித்த படம் மட்டும் பென் டிரைவில் பிழைத்துக் கிடந்தது. ஒரு நிமிட அனிமேஷன் படம். சனிக்கிழமைக்குள் அதை முடித்து ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

தலையில் நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"நல்லா இருக்குடா உன் நியாயம். பாட்டு கேக்கறதுக்கும் அசைன்மென்ட் டைப் அடிக்கறதுக்கும் உனக்கு லேப்டாப். படம் செய்யற எனக்குக் கட்டை வண்டியா?"

"காலேஜுக்கு அந்தப் பெட்டியை முதுகுல கட்டிக்கிட்டா போவாங்க?"

"தூக்கிட்டுப் போறதா இங்க பிரச்சினை? ரெண்டுலயும் ஒரே பிராசஸர் பேரு ஒட்டியிருக்கு. அதுலயும் லேப்டாப்ல இருக்கறது ஒரு வருஷம் புதுசு. அப்ப அதுதானே வேகம்? எனக்கு அதுதான் வேணும்."

அப்பா சமாதானமாகச் சொன்னார். "வீட்டுல இருக்கற பொண்ணுக்கு என்னம்மா அவசரம்? நாளைக்குப் போற இடத்துல புதுசாவே வாங்கித் தருவாங்க."

"போற இடத்தை அப்புறம் பாக்கலாம்ப்பா. இருக்கற இடத்துல எனக்கு எது?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவரை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"போட்டி வைப்போம்" என்றாள். "என் படத்துல ஒரே காட்சியை ரெண்டுலயும் ஓட விடறேன். எது முதல்ல முடிக்குதோ, அது எனக்கு."

"போட்டியெல்லாம் எதுக்குக்கா?" தம்பி பதறினான். "வீண் கரண்ட்டு செலவு."

"பாத்தீங்களாப்பா? மடியில கனம். அதான் வழியில பயம்."

தம்பி அருகில் வந்து அவள் காலை மிதித்தான். அவள் இன்னும் பலமாகத் திருப்பி மிதித்தாள்.

"வைக்கட்டும்டா. எது நல்லதுன்னு எனக்கும் தெரியட்டும்" என்றார் அப்பா.

தேவையானதையெல்லாம் இரண்டிலும் ஏற்றவே மதியமாகிவிட்டது.

மழையில் நனைந்த நாய் ஒன்று உடம்பை உதறும் காட்சி. சிதறும் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் போட்டாக வேண்டும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் முதுகு ஒடிகிற வேலை.

இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. லேப்டாப் முந்தியது. அவள் தம்பியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். அவன் நகத்தைக் கடித்தான்.

கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பின் விசிறி ஓலமிட ஆரம்பித்தது. அடிப்பாகம் கொதித்தது. மெல்லிய உடம்பு, சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். "என் இஸ்திரிப் பெட்டியை அணைச்சுடறேன். மிச்சச் சட்டையை இதுலயே தேய்ச்சுக்கலாம்."

டெஸ்க்டாப்புக்கு எந்த அவசரமும் இல்லை. போன நடையிலேயே போய், தாண்டி, முடித்தும் விட்டது. லேப்டாப்பில் நாய் பாதி உதறலில் நின்றுகொண்டிருந்தது.

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பேரைப் பாத்து ஏமாந்துட்டேன். பரவாயில்ல. கட்டை வண்டிதான் ஜெயிச்சுது, அது எனக்கு."

"அது எப்படி?" அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேகமானது படிக்கிற பிள்ளைக்கு வேணும். டேய், டெஸ்க்டாப்பை உன் ரூம்ல மாட்டிக்கோ. லேப்டாப் அக்காவுக்கு. அவதானே அதைக் கேட்டா?"



தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவள் காதருகே குனிந்து பல்லைக் கடித்தான்.

"லூசு! காலையிலயே நான் ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டேன். எது நல்லதுன்னு தெரிஞ்சா இவர் அதை எனக்குத்தான் தருவார்னு, கட்டை வண்டின்னு சொல்லி வச்சிருந்தேன். கெடுத்துட்டியே!"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு டெஸ்க்டாப்பின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் அப்பா.

"என் ரூமுக்கு."

"நான் சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சுப்பா. போட்டிக்கு முன்னாடி நான் சொன்னதும் உங்க காதுல விழுந்துச்சு."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டேய், மரம் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கறியே! போய் அவ கையிலேர்ந்து வாங்குடா!"

தம்பி மானிட்டரை மார்போடு தூக்கிக்கொண்டான். கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அக்காவின் பின்னாலேயே நடந்தான்.